பெட்டிக்குள் இல்லாத ஊசி

தில்லி மயூர் விஹாரில் மூன்றாம் மாடி ஃப்ளாட். 2023 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜை மீது பழைய பட்டுப்புடவை அட்டைப்பெட்டி ஒன்று திறந்து கிடக்கிறது. உள்ளே புடவை இல்லை, ஸ்வெட்டர் பின்னும் ஊசிகள். சாம்பல் நிற அலுமினிய ஊசிகள், பிளாஸ்டிக் கொண்டை வைத்தவை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுகிறார். 23 ஊசிகள், ஒரு சைக்கிள் கம்பி. 14 நம்பர் ஊசியில் ஒன்று எப்போதோ தொலைந்தது. அதற்கு ஜோடியாக இருப்பது அந்தக் கம்பிதான்.

"கையில இருக்கிறது பத்து விரல். இன்னும் எத்தனை ஊசி வேணும்?" என்கிறார் பேப்பருக்குப் பின்னாலிருந்து கணவர்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகள் அம்மாவின் 65-வது பிறந்தநாளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லியிருக்கிறாள். "இந்த வருஷம் புடவை கிடையாதும்மா. மாத்தி மாத்திப் போட்டுக்கற ஊசி செட் ஒண்ணு வாங்கித் தர்றேன். எது வேணும்னு நீயே பார்த்துச் சொல்லு." சொன்னதோடு நிற்காமல் ஆறு படங்களும் அனுப்பிவிட்டாள். நகைப்பெட்டி போல மடிந்து திறக்கும் உறைகள். உள்ளே வரிசையாக வண்ண வண்ண மர முனைகள், பளபளக்கும் உலோக முனைகள், சுருட்டி வைத்த கேபிள்கள். விலை ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். தனக்காக ஊசிக்கு என்று ஒரே நேரத்தில் நூறு ரூபாய்க்கு மேல் அவர் செலவு செய்ததே இல்லை.

விஷயம் எளிது. நேர் ஊசிகளுக்குப் பதிலாக இரண்டு குட்டை முனைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் குறைவான நீளம். அவற்றை இணைக்க வளையும் கேபிள் ஒன்று. முனைகளைத் திருகிக் கழற்றலாம், வேறு பருமன் போடலாம், நீளமான கேபிளும் மாட்டலாம். வட்டமாகத் தொப்பி பின்னலாம். திரும்பித் திரும்பிப் பின்னி தட்டையாக முதுகுப் பக்கமும் எடுக்கலாம். ஒரு செட் இருந்தால் ஊசி அலமாரியே இருப்பதற்குச் சமம்.

எளிதல்லாதது, எதை வாங்குவது என்பது. அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அமைச்சகத்தின் கணக்குப் பிரிவில் 37 ஆண்டுகள் இருந்துவிட்டு 2018-ல் ஓய்வு பெற்றவர் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

1979-ல் கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து தில்லி வந்தபோது அவரிடம் ஸ்வெட்டரே கிடையாது. சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் முதல் டிசம்பரை மாமியார் கொடுத்தனுப்பிய சால்வையோடு ஓட்டப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெயிலில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, கையில் இரண்டு ஊசியைத் திணித்தார். மதறாஸ் பெண்ணுக்கு இந்தி தெரியாது. பஞ்சாபிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கற்க வேண்டிய சொல் மூன்றே மூன்று. ஊசியில் ஏறும் கண்ணிக்கு ஃபந்தா. முன்பக்கம் பின்னினால் சீதா. பின்பக்கம் பின்னினால் உல்டா. மற்றதெல்லாம் இந்த இரண்டின் கூட்டல் கழித்தல்.

"பெஹன்ஜி" என்றுதான் அவரை அன்றுமுதல் அழைக்கிறார். லயால்பூரில் பிறந்த பெஹன்ஜி 1947-ல் குடும்பத்தோடு எல்லை தாண்டி வந்தவர். குருக்ஷேத்திர அகதி முகாமில் எட்டு வயதில் அம்மாவிடம் பின்னக் கற்றது இரண்டு சைக்கிள் கம்பிகளை வைத்து. புடவைப் பெட்டியில் இருக்கும் கம்பி அந்தப் பழக்கத்தின் மிச்சம். 14 நம்பர் ஊசி தொலைந்தபோது, "இதற்கா அழுகிறாய்?" என்று தன் மகனின் சைக்கிளிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். 14 நம்பர் என்றால் 2 மில்லிமீட்டர். சைக்கிள் கம்பியின் பருமனும் அதுவே.

அந்தக் காலத்துத் தில்லியில் குளிர்காலத்து மதிய இடைவேளை என்றால் அரசு அலுவலகங்களின் புல்வெளிகளில் பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து பின்னுவார்கள். ஆரஞ்சுத் தோலும் வேர்க்கடலை ஓடும் ஒரு பக்கம் குவியும், ஸ்வெட்டர் ஒரு பக்கம் வளரும். 1981-ல் வேலையில் சேர்ந்த அவருக்கு அந்த வட்டத்தில் இடம் கிடைத்தது. லூதியானாவிலிருந்து வரும் வர்த்தமான், ஓஸ்வால் கம்பளி நூல் கரோல் பாகில் கிடைக்கும். ஊசி பெரும்பாலும் போனி. தில்லியில் வாங்கிய அந்த ஊசி, நீலகிரி மாவட்டம் கேத்தியில் 1949-ல் தொடங்கப்பட்ட ஊசித் தொழிற்சாலையின் சரக்கு என்று பல வருடங்கள் கழித்துத்தான் அவருக்குத் தெரிய வந்தது. தன் ஊர்ப்பக்கத்து ஊசியை வைத்து, தன் ஊர் அறியாத குளிருக்குப் பின்னிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு ரெடிமேட் ஸ்வெட்டர்கள் வந்தன. திபெத்தியர்களின் குளிர்காலக் கடைகளில் ஒருவருக்கு நூல் வாங்கும் காசில் இருவருக்கு ஸ்வெட்டர் கிடைத்தது. புல்வெளி வட்டங்கள் சிறுத்தன. அவர் விடவில்லை. மகளுக்கு, மகளின் பொம்மைக்கு, அலுவலகத்தில் பிரசவ விடுப்பில் போன ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று பின்னிக்கொண்டே இருந்தார்.

2022-ல் வலது கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்க ஆரம்பித்தது. தேய்மானம் என்றார் மருத்துவர். "பின்னலாமா?" என்று கேட்டதற்கு, "ஒரேயடியாக உட்காராதீர்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள், வலித்தால் நிறுத்துங்கள்" என்று பதில் வந்தது. வலித்தது. நிறுத்தினார். ஒரு குளிர்காலம் முழுக்கப் புடவைப் பெட்டி பரண் மேலேயே இருந்தது. சாயங்காலங்களில் டி.வி. முன் சும்மா இருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனதுதான் வலியைவிடப் பெரிய தொல்லை.

பெட்டியைக் கீழே இறக்க வைத்தது அக்டோபரில் சண்டிகரிலிருந்து வந்த ஒரு போன். பெஹன்ஜி இப்போது அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். கண் மங்கலாகிவிட்டது. தோள்மூட்டு இறுகிவிட்டது. "காலையில் மருமகள் என்னைக் குழந்தை மாதிரி கையைத் தூக்கச் சொல்கிறாள். கை தூக்க வரவில்லை. ஸ்வெட்டர் தலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எதுவும் கேட்கவில்லை. போனை வைத்ததும் இவர் முடிவு செய்துவிட்டார். முன்பக்கம் திறந்து, பெரிய பொத்தான் வைத்த ஒரு கார்டிகன். ஜனவரிக் குளிருக்குள் முடிக்க வேண்டும்.

"கடையில கிடைக்காதா?" இது கணவர்.

கிடைக்கும். ஆனால் 83 வயதில் பெஹன்ஜியின் முதுகு கூன் விழுந்திருக்கிறது. கடைக் கார்டிகன் பின்பக்கம் மேலே ஏறிக்கொண்டு இடுப்பைத் திறந்து விடும். முதுகுப் பகுதியில் மட்டும் இடையிடையே பாதி வரிசைகள் பின்னி, முன்பக்கத்தைவிட ஐந்து செ.மீ. கூடுதலாக விட வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் உறுத்தாமல் இருக்க, பக்கவாட்டில் தையல் இருக்கக் கூடாது. அதாவது முன் இரண்டும் பின் ஒன்றும் சேர்ந்து ஒரே துண்டாக வளர வேண்டும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. மார்பளவு 92 செ.மீ. உள்ளே இன்னொரு உடுப்புக்கு இடம் விட்டு 102. பத்து செ.மீ.க்கு 27 கண்ணி என்றால் 275 கண்ணிகள். 35 செ.மீ. நேர் ஊசியில் நெருக்கித் திணித்தாலும் ஓரத்துக் கண்ணிகள் நழுவி விழும். உயரம் 60 செ.மீ., பத்து செ.மீ.க்கு 36 வரிசை, ஆக 216 வரிசை. 275-ஐ 216-ஆல் பெருக்கினால் 59,400. கையும் காலரும் இல்லாமலே ஏறக்குறைய அறுபதாயிரம் தடவை அந்தக் கட்டைவிரல் ஊசியை அழுத்த வேண்டும்.

நேர் ஊசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடை வளர வளர அதன் கனம் முழுவதும் நீண்ட ஊசியின் மேல் தொங்கும். துலாக்கோலின் நுனியில் வைத்த எடை மாதிரி அதை மணிக்கட்டு தூக்கிப் பிடிக்க வேண்டும். வட்ட ஊசியில் கண்ணிகள் கேபிளுக்கு இறங்கிவிடும், கனம் மடியில் உட்காரும். கையில் நிற்பது இரண்டு குட்டை முனைகள் மட்டுமே. தட்டையான துண்டுகளைக்கூட வட்ட ஊசியில் பின்னுவதே நல்லது என்று ஓயாமல் சொன்னவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மன். 1971-ல் வந்த அவருடைய 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' புத்தகம் இன்றும் விற்கிறது.

ஆக, வட்ட ஊசி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. மகள் அனுப்பிய ஆறில் எது?

அவர் முதலில் பார்த்தது நிறத்தையோ பெட்டியையோ அல்ல, அளவுப் பட்டியலை. அதற்குக் காரணம் பழைய சூடு. 1990-களில் அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா மகன் சித்திக்கு ஒரு ஜோடி ஊசி கொண்டுவந்தான். மேலே 8 என்று பொறித்திருந்தது. வழக்கமான 8 நம்பர் என்று நினைத்துக் கணவருக்கு அதில் ஸ்வெட்டர் போட்டார். நம் ஊர்க் கடைகளில் வழங்குவது பழைய பிரிட்டிஷ் எண். எண் கூடக் கூட ஊசி மெலியும், 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்க எண் தலைகீழ். எண் கூடக் கூட ஊசி தடிக்கும், அங்கே 8 என்றால் 5 மி.மீ. பத்து செ.மீ.க்கு 22 கண்ணி வர வேண்டிய இடத்தில் 18 வந்தது. 110 கண்ணி போட்ட முன்பக்கம் 50 செ.மீ.க்குப் பதில் 61 செ.மீ. பின்பக்கமும் அப்படியே. கணவர் அதைக் கோட்டுக்கு உள்ளே அல்ல, கோட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு அலுவலகம் போனார். அன்றிலிருந்து அவர் நம்பரை நம்புவதில்லை. மில்லிமீட்டரைத்தான் நம்புவார்.

பட்டியலைப் பார்த்ததும் ஒன்று தெரிந்தது. மகளுக்கு மிகவும் பிடித்த பெட்டியில் எட்டு ஜோடி முனைகள். மூன்றரையில் தொடங்கி நாலு, நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு, ஏழு, எட்டு மி.மீ. வரை. 44 வருடங்களில் அவர் கை தொட்ட ஊசிகளை எண்ணிப் பார்த்தார். கீழ் பார்டருக்கு 12 நம்பர், அதாவது 2.75 மி.மீ. உடம்புக்கு 10 நம்பர், 3.25 மி.மீ. குழந்தை ஸ்வெட்டருக்கு 11, அதாவது 3 மி.மீ. கொஞ்சம் தடித்த நூல் என்றால் 8, அதாவது 4 மி.மீ. அதற்கு மேல் போனது, அந்த அமெரிக்க விபத்து தவிர, இல்லவே இல்லை.

தவறு பெட்டி செய்தவர்களுடையதும் இல்லை. வெளிநாடுகளில் பலர் தடித்த நூலில் பெரிய ஊசியால் சீக்கிரம் முடியும் உடைகளைப் பின்னுகிறார்கள். பெட்டி அவர்கள் கைக்கு ஏற்றது. நம் வீடுகளில் மெல்லிய நூலில் மெல்லிய ஊசியால் பின்னியே பழக்கம். இன்னொரு காரணம் தொழில்நுட்பம். முனைக்குள் திருகு மறை வைக்க இடம் வேண்டும். ஊசி 3 மி.மீ.க்குக் கீழே போனால் ஊசியைவிட இணைப்பு தடித்துவிடும். கண்ணிகள் அதில் ஏறும்போது திக்கும். அதனால்தான் சிறிய அளவுகளுக்குச் சில நிறுவனங்கள் வேறு திருகு, வேறு கேபிள் என்று தனி வகை வைத்திருக்கின்றன. அந்த கேபிள் பெரிய முனைக்குப் பொருந்தாது. ஒரு நிறுவனத்தின் முனை இன்னொன்றின் கேபிளில் சேரும் என்றும் சொல்ல முடியாது. பெட்டி வாங்கும்போது ஒரு குடும்பத்துக்குள் வாழ்க்கைப்படுவது மாதிரி. அப்புறம் எல்லாம் அங்கேதான்.

2.75-ல் தொடங்கி 5 மி.மீ.க்குள் முடியும் பெட்டிகளும் உண்டு. சீனாவில் தயாராகும் சியாவ்கூ அவற்றில் ஒன்று. எஃகு முனை, நைலான் பூசிய சிவப்பு கேபிள், முறுக்கிக்கொள்ளாது என்று பெயர் எடுத்தது. அளவு சரி. ஆனால் எஃகு அவர் கைக்கு ஒத்துவருமா? அதைப் படம் சொல்லாது.

அதே அடுக்ககத்தில் இரண்டாம் மாடியில் அல்மோராவிலிருந்து வந்த ஒரு பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மீட்டிங் நடக்கும்போது மேஜைக்கடியில் பின்னுவாள். அவளிடம் நிட்ப்ரோவின் மர முனைச் செட்டும், தனித்தனியாகச் சேர்த்த உலோக முனைகளும் இருக்கின்றன. நிட்ப்ரோ இந்தியத் தயாரிப்பு. வட அமெரிக்காவில் 'நிட்டர்ஸ் ப்ரைட்' என்ற பெயரில் விற்றுவந்தது. மெல்லிய பிர்ச் மரத் தகடுகளுக்குச் சாயமேற்றி ஒட்டி அழுத்திச் செய்த முனைகள்தான் அதன் அடையாளம்.

"எடுத்துக்கொண்டு போய்ப் பின்னிப் பாருங்கள் ஆண்ட்டி. பார்த்து வாங்க முடியாது, பின்னித்தான் வாங்க முடியும்" என்று 3.25 மி.மீ.யில் ஒரு உலோக ஜோடியும் ஒரு மர ஜோடியும் கொடுத்தாள்.

கார்டிகனுக்கு வாங்கிய அதே நூலில் இரண்டு சதுரம் பின்னினார். உலோகத்தில் வேகம் அதிகம். கண்ணி தானாக வழுக்கி ஓடியது. ஆனால் வழுக்கிவிடுமோ என்று அவர் கை தானாக இறுக்கிப் பிடித்தது. பத்தாவது நிமிடத்தில் கட்டைவிரல் ஞாபகப்படுத்தியது. மரத்தில் வேகம் குறைவு. நூலை மரம் லேசாகப் பிடித்து வைத்ததால் அவர் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இருபது நிமிடம் போனது தெரியவில்லை. இறுக்கமாகப் பின்னுகிறவர்களுக்கு இதுவே நேர்மாறாக அமையும். அவர்களுக்கு உலோகம்தான் விடுதலை. நல்ல ஊசி எது என்று யாரையும் கேட்டுப் பயனில்லை என்பது அப்போது புரிந்தது. கேட்க வேண்டியது தன் கட்டைவிரலை.

இரண்டு சதுரத்தையும் திருப்பிப் பார்த்த அல்மோராப் பெண், "ஆண்ட்டி, உங்கள் உல்டா வரிசை தளர்வாக இருக்கிறது" என்றாள்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இதைத்தான் 1979-ல் பெஹன்ஜியும் சொன்னார். சீதா வரிசை இறுக்கமாகவும் உல்டா வரிசை தளர்வாகவும் வந்து, பின்பக்கத்தில் இரண்டு இரண்டு வரிசைக்கு ஒரு வாய்க்கால் ஓடும். எத்தனையோ முயன்றும் கை திருந்தவில்லை. 44 வருடமாக அவர் ஸ்வெட்டர்களில் எல்லாம் அந்த வாய்க்கால் ஓடுகிறது.

அந்தப் பெண் கேபிளின் ஒரு முனையை மட்டும் கழற்றி 3 மி.மீ. முனையைத் திருகினாள். "உல்டா வரிசையில் எந்த முனை வலது கையில் வருகிறதோ அதைச் சின்னதாக வைத்துவிடுங்கள். திருப்பித் திருப்பிப் பின்னும்போது ஒவ்வொரு முறையும் அதே முனைதான் வலது கைக்கு வரும். கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது வலது கை ஊசிதானே."

மூன்றாவது சதுரம். திருப்பிப் பார்த்தால் வாய்க்கால் இல்லை. கை மாறவில்லை. கால் மில்லிமீட்டர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அந்தத் துண்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு மகளுக்கு போன். "பெட்டி வேண்டாம்மா."

"ஏம்மா, விலையைப் பார்க்கிறியா?"

"விலை இல்லை. எனக்கு வேண்டிய ஊசி பெட்டிக்குள்ள இல்லை."

அவர் கேட்ட பட்டியல் சிறியது. மர முனையில் 3, 3.25, 4 மி.மீ. மூன்று ஜோடி. 80, 100 செ.மீ. என இரண்டு கேபிள். அட்டையில் எழுதியிருப்பது முனைகளையும் சேர்த்த நீளம் என்பதையும், 100 என்றால் கேபிள் மட்டும் 76 செ.மீ. தான் என்பதையும் மகளுக்கு விளக்கினார். பார்டருக்கு 2.75-ல் கழற்ற முடியாத வட்ட ஊசி ஒன்று. மொத்தம் பெட்டி விலையில் பாதிகூட வரவில்லை. "ஆனா அந்தப் பெட்டி எவ்வளவு அழகா இருந்தது" என்று மகளுக்குத்தான் மனத்தாங்கல். பரிசு என்றால் பிரித்துப் பார்க்க ஒரு பெட்டி வேண்டாமா?

அல்மோராப் பெண்ணுக்குப் பெட்டி வாங்கியது தவறல்ல. அவள் தொப்பி, மஃப்ளர், தடித்த போர்வை என்று எல்லாம் பின்னுகிறாள். ஒரே நேரத்தில் மூன்று வேலை ஓடும். முனையைக் கழற்றி, கேபிளின் இரு நுனியிலும் மூடி போட்டு ஒரு வேலையைத் தூங்க வைத்துவிட்டு, அதே முனையில் அடுத்ததைத் தொடங்குவாள். எட்டு ஜோடியும் அவளிடம் உழைக்கின்றன. இவரிடம் ஏழு ஜோடி அலமாரியில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும்.

டிசம்பர் முதல் வாரம் பார்சல் வந்தது. கேபிள் உறையில் சுருண்ட வாக்கிலேயே பாம்பு போல விறைத்துக்கொண்டு நின்றது. வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு இழுத்ததும் நீண்டு கொடுத்தது. இருபது நிமிடம் பின்னல், பிறகு அலாரம், பிறகு ஓய்வு. ஒரு நாளைக்கு நான்கு தடவை. நிமிடத்துக்கு முப்பது கண்ணி. அந்த வேகத்தில் உடம்புக்கு 25 நாள்.

பன்னிரண்டாம் நாள் விபத்து. பின்னிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனை மெல்லத் திருகு கழன்று, கேபிளிலிருந்து பிரிந்து, நாற்பது கண்ணிகள் மடியில் விழுந்தன. குற்றம் அவருடையதே. முனையைத் திருகிய பிறகு, கேபிளின் நுனியில் இருக்கும் சிறு துளையில் கூடவே வரும் கம்பிச் சாவியை நுழைத்து ஒரு தடவை இறுக்க வேண்டும். கட்டைவிரலைக் காப்பாற்றுவதாக நினைத்து அதைச் செய்யாமல் விட்டிருந்தார். ஒரு சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு கண்ணியாகப் பொறுக்க வேண்டியதாயிற்று. அப்போது அதே துளைக்கு இன்னொரு உபயோகமும் தெரிய வந்தது. துளையில் ஒரு தையல் நூலைக் கோத்துக்கொண்டு ஒரு வரிசை பின்னினால், நூல் தானாக எல்லாக் கண்ணிக்குள்ளும் போய் நிற்கும். அதன் பிறகு எது கழன்றாலும் அந்த வரிசைக்குக் கீழே அவிழாது. பத்து வரிசைக்கு ஒரு தடவை அப்படி ஒரு காவல் நூல் போட்டார்.

வலி போய்விட்டது என்று சொன்னால் பொய். குளிர் கடுமையான காலைகளில் கட்டைவிரல் இன்னும் முரண்டு பிடிக்கிறது. ஆனால் இருபது நிமிடத்துக்கு முன்னால் அலாரத்தைத் தேடிய நாள் ஒன்றிரண்டுதான்.

ஜனவரி கடைசியில் கணவரும் அவரும் பஸ்ஸில் சண்டிகர் போனார்கள். வெளியே பனிமூட்டம். பெஹன்ஜி ஹீட்டர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கார்டிகனைக் கையில் வாங்கியவர் உடனே போட்டுக்கொள்ளவில்லை. நிறம் என்னவென்றும் கேட்கவில்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பி, இரண்டு கை விரல்களாலும் கீழிருந்து மேலாக மெல்லத் தடவிக்கொண்டு போனார். பரீட்சைத் தாள் திருத்தும் வாத்தியார் முன்னால் நிற்பது போல இவர் நின்றார்.

"இது உன் கை இல்லையே. யார் பின்னியது?"

"நான்தான் பெஹன்ஜி."

"உன் உல்டா தளர்ந்திருக்குமே?"

பையிலிருந்த ஊசியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஒரு கை போட்டு மிஞ்சிய நூலில் தொடங்கியிருந்த ஒரு சிறு துண்டு அதில் இருந்தது. பெஹன்ஜி முதலில் ஒரு முனையையும் பிறகு மற்றதையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே உருட்டிப் பார்த்தார். கண் தெரியாது. ஆனால் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் அந்த விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. விஷயம் புரிந்ததும் சத்தம் போட்டுச் சிரித்தார். "நாற்பது வருஷம் உன் கையைத் திட்டினேன். ஊசியைத் திட்டியிருக்க வேண்டும்." கேபிளை ஒரு தடவை வளைத்துப் பார்த்து, "நீளம் குறைவு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் விலாவில் குத்தாது" என்றார். பிறகு கேட்காமலேயே நாலு கண்ணி பின்னினார். நாலும் ஒரே அளவு.

கார்டிகன் பொருந்தியது. கையைத் தூக்காமலே போட்டுக்கொள்ள முடிந்தது. பின்பக்கம் இடுப்பு வரை இறங்கி நின்றது.

தில்லி திரும்பியதும் புடவைப் பெட்டி மறுபடி பரணுக்குப் போனது, சைக்கிள் கம்பி உள்பட. புது ஊசிகள் பழைய கண்ணாடிக் கூட்டில், டி.வி. மேஜை மேல். பெட்டிக்கென்று ஒதுக்கி மிஞ்சிய பணத்தில் மகள் கருநீல நூல் வாங்கி அனுப்பியிருக்கிறாள். யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. கணவர் மட்டும், யாரும் கேட்காமலேயே, தன் மார்பளவை இரண்டு தடவை சொல்லிவிட்டார். மில்லிமீட்டரில்.